முன்னரே முடிந்து வைத்த பணம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மருத்துவக் காப்பீட்டின் வரலாறு

தமிழர் இல்லங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால், பாட்டியோ தாயோ மஞ்சள் நீரில் நனைத்த துணியில் ஒரு நாணயத்தை முடிந்து, ‘ஏழுமலையானே, இவன் எழுந்து நடமாடட்டும், உன் உண்டியலில் சேர்த்துவிடுகிறேன்’ என்று வேண்டிக்கொள்வாள். சித்தூர்ச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழரும், திருப்பதிக்குப் பிழைப்பை நாடிச் சென்று குடியேறிய தமிழரும், மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழரும் இவ்வழக்கத்தை இன்றும் விட்டாரல்லர். அது நம்பிக்கையின் முடிச்சு. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அது நோய் வந்த பின்பு போடப்படும் முடிச்சு. நோய் வருவதற்கு முன்பே, பல்லாயிரம் குடும்பங்கள் கூடி முடிந்து வைக்கும் முடிச்சு வேறொன்று உண்டு. அதுவே மருத்துவக் காப்பீடு.

அந்த இரண்டாவது முடிச்சு சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எவ்வாறு உருவாயிற்று, அதனால் மக்களுக்கு விளைந்த நன்மை யாது, அது இன்னும் எந்த இடத்தில் இறுகாமல் தளர்ந்து கிடக்கிறது என்பவற்றை இங்கே காண்போம். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது வெறும் பழங்கதையன்று. மாநில எல்லையில் வாழும் மக்களுக்கு மருத்துவமனை வாயிலில் நேரும் சிக்கல், சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்றவர்க்கு இன்னும் கடுமையாக நேரக்கூடும்.

அறமும் அதன் எல்லையும்

நோயாளிக்கு உதவ வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் ஒன்று உள்ளது. அக்கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே நடைபெற்ற ஆதுலர்சாலையைப் பற்றி அக்கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் முதலியோர்க்கு இன்ன ஊதியம் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது.

படிப்போர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியே இது. எனினும் ஒன்றை நோக்க வேண்டும். அச்சாலை கோயிலுக்கு விட்ட நிலத்தின் வருவாயால் நடந்தது. கோயில் பணியாளர்க்கும், அங்கே இயங்கிய கல்விச்சாலையின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியதாக இருந்தது. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். கொடை நின்றால் சாலையும் நின்றுவிடும். அந்த வட்டத்திற்கு வெளியே நின்ற உழவனுக்கு, ‘எனக்கும் ஒரு படுக்கை தருக’ என்று கேட்கும் உரிமை இல்லை. அறம் உயர்ந்தது, ஆனால் அறத்தினிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. இந்தக் குறையை நீக்கவே, பெறுபவரே கொடுப்பவருமாக அமையும் ஏற்பாடு ஒன்று பிற்காலத்தில் உலகில் தோன்றிற்று.

கூடிச் சேர்த்த பொருள்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தோன்றியது. வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி ஆகிய வட்டங்களும், கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகிய வட்டங்களும், சில ஜமீன் பகுதிகளும் சேர்ந்து இம்மாவட்டம் அமைந்தது. அது தோன்றிய அடுத்த ஆண்டே, 1912இல், மதனப்பள்ளியில் காசநோயாளிகளுக்கென ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கப்பட்டது. 1915இல் அது ஊருக்கு வெளியே, ஆரோக்கியவரம் என்று பெயரிடப்பட்ட இடத்தில் நிலைபெற்றது.

காசநோய்க்கு மருந்து காணப்படாத காலம் அது. மாதக்கணக்கில் ஓய்வும், தூய காற்றும், சத்துணவும் வேண்டும். அவ்வளவு செலவைத் தனியொரு மிஷன் சங்கம் தாங்க இயலாது. ஆகவே பல சங்கங்கள் கூடிப் பொருள் சேர்த்து அந்நிலையத்தை நடத்தின. ‘யூனியன் மிஷன்’ என்று அதன் பெயரிலேயே அக்கூட்டு முயற்சி விளங்கிற்று. ஒருவர் தோளுக்குப் பெருஞ்சுமையாவது பலர் தோளுக்குச் சிறுசுமையாகும் என்னும் உண்மையைச் சித்தூர் மாவட்டம் தன் குழந்தைப் பருவத்திலேயே கண்டுவிட்டது. ஆனால் அங்கும் கூடிச் சேர்த்தவர்கள் கொடையாளரே. நோயாளியின் பங்கு அதில் இல்லை.

நோயாளியின் பங்கையும் சேர்த்த முதல் பெரிய சட்டம் ஜெர்மனியில் 1883இல் பிஸ்மார்க் காலத்தில் பிறந்தது. தொழிலாளி மூன்றில் இரு பங்கும், முதலாளி ஒரு பங்கும் நிதியில் செலுத்தினர். சித்தூர் மாவட்டம் தோன்றிய அதே 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாரந்தோறும் தொழிலாளி 4 பென்னியும், முதலாளி 3 பென்னியும், அரசாங்கம் 2 பென்னியும் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நோயுற்ற தொழிலாளி அந்நாட்டில் மருத்துவரிடம் இரவலனாகச் செல்லவில்லை; தன் பணத்தைத் தானே முன்னர்ச் செலுத்தியவனாகச் சென்றான்.

இதன் உட்பொருளை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஓர் ஊரில் 1,000 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆண்டில் அவற்றுள் 10 குடும்பங்களுக்கு, குடும்பம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் ஆகும் அறுவைச் சிகிச்சை நேரும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ரூ.10 லட்சம். அந்தப் பத்துக் குடும்பங்கள் எவை என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் ஆயிரம் குடும்பங்களும் ஆளுக்கு ரூ.1,000 செலுத்தி வைத்தால், பத்துக் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் கரையேறும். நிர்வாகச் செலவு நீங்கலாகக் காப்பீட்டின் கணக்கு முழுவதும் இவ்வளவே.

நம்மவர்க்குச் சீட்டுக் கட்டும் பழக்கம் உண்டு. சீட்டில் ஒவ்வொருவரும் ஒருமுறை பணத்தை எடுத்தே தீருவர். அந்தப் பழக்கத்தால், ‘காப்பீட்டுக்குக் கட்டிய பணம் திரும்பி வரவில்லையே, வீணாயிற்றே’ என்று வருந்துவோர் பலர். காப்பீடு சீட்டுப் போன்றதன்று, குடிமராமத்துப் போன்றது. மழைக்கு முன் ஊரார் கூடி ஏரிக்கரையை வலுப்படுத்துகிறார்கள். அவ்வாண்டு வெள்ளம் வரவில்லையாயின், உழைப்பு வீணாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. ஏரிகள் நிறைந்த சித்தூர்ச் சீமையில் இவ்வுண்மையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கட்டிய பணம் திரும்பி வராத ஆண்டே குடும்பத்திற்கு நல்ல ஆண்டு.

நம் நாட்டில் வந்த வகை

இந்தியாவில் தொழிலாளர்க்கான நோய்க் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944இல் தம் அறிக்கையை அளித்தார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. இ.எஸ்.ஐ. என்று நாம் வழங்குவது இதனையே. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு கான்பூரில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளர்க்கு இது முதலில் கிட்டியது.

ஆனால் இது ஆலை வாயிலுக்குள் நின்றவர்களுக்கே உரியதாயிற்று. கடலை விதைக்கும் உழவனும், நகரியிலும் புத்தூரிலும் தறியில் உழைப்பவனும், திருப்பதியில் வருவோர் போவோர்க்குச் சுமை தூக்குபவனும், பூக்கட்டி விற்கும் பெண்ணும் அவ்வாயிலுக்கு வெளியே நின்றார்கள். 1986இல் அரசுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் ‘மெடிக்ளைம்’ என்னும் மருத்துவக் காப்பீட்டை விற்கத் தொடங்கின. அது பிரீமியம் செலுத்த வல்ல நடுத்தர வகுப்பினர்க்குப் பயன்பட்டது. உழைத்து உண்ணும் ஏழைக்கு ஆலை வாயிலும் அடைத்திருந்தது. பிரீமியம் கட்டும் வாயிலும் அடைத்திருந்தது.

மருத்துவ நகரான திருப்பதி

இதற்கிடையே திருப்பதி, யாத்திரைத் தலமாக மட்டுமன்றி மருத்துவ நகரமாகவும் வளர்ந்து வந்தது. 1960இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1962இல் அதனைச் சார்ந்த ரூயா மருத்துவமனை திறக்கப்பட்டது. 1985இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம், கை கால் ஊனமுற்றோர்க்கென ‘பர்டு’ மருத்துவமனையை நிறுவியது. உயர்தரச் சிகிச்சைக்கென ‘ஸ்விம்ஸ்’ என வழங்கும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையத்திற்கு 1986இல் முதலமைச்சர் என்.டி. ராமராவ் அடிக்கல் நாட்டினார். 1993இல் அது செயற்படத் தொடங்கி, 1995இல் மாநிலச் சட்டத்தினால் பல்கலைக்கழகத் தகுதியும் பெற்றது. மறுபுறம், எல்லைக்கு அப்பால் வேலூரில், 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணி பெரிய கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நின்றது. சித்தூர்க்காரர்களுக்கு அதுவும் கூப்பிடு தொலைவே.

இவ்வாறு மருத்துவமனைகள் பெருகின. இதயத்தைத் திறந்து பழுது பார்க்கும் கலை திருப்பதிக்கே வந்துவிட்டது. ஆனால் அக்கலை விலை மிகுந்தது. அரசு மருத்துவமனையில் இல்லாத உயர் சிகிச்சையைப் பெற வேண்டுமாயின் நிலத்தை விற்க வேண்டும். அல்லது தாலியை அடகு வைக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் மனு எழுத வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஐதராபாத் சென்று, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்பது அந்நாளைய நடைமுறை. 2004 மே மாதம் முதல் 2007 ஜூன் வரை ஆந்திரப் பிரதேசத்தில் 55,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இந்நிதியிலிருந்து ரூ.168 கோடிக்கு மேல் வழங்கப்பட்டது.

தொகை பெரிதுதான். ஆனால் மனு எழுதத் தெரிந்தவர்க்கும், பரிந்துரைக்க ஆள் உள்ளவர்க்குமே அது எளிதில் எட்டும். இதயம் காத்திருக்கும் காலத்தை விட, கோப்பு நகரும் காலம் சில வேளைகளில் நீண்டுவிடும். திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் கண்ட அதே குறை ஆயிரம் ஆண்டு கழித்தும் நீங்கவில்லை. கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு; இல்லையேல் இல்லை.

மனுவிலிருந்து அட்டைக்கு

இம்முறையை மாற்றும் வழியை முதலில் காட்டியது அண்டை மாநிலமான கர்நாடகம். அங்கே 2003இல் ‘யஷஸ்வினி’ என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராயிருந்த உழவர்கள் ஆண்டுக்கு ரூ.60, அதாவது மாதம் ரூ.5, செலுத்தினர், அரசும் உதவியது. உழவர்கள் சிறுதொகையால் பெரிய அறுவைச் சிகிச்சைகளைப் பெற்றனர்.

ஆந்திரத்தின் முதலமைச்சராயிருந்த ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி மருத்துவம் படித்தவர். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருந்தவர். அவர் காலத்தில் 2007 ஏப்ரல் 1ஆம் நாள் ‘ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ’ திட்டம் மகபூப்நகர், அனந்தப்பூர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் தொடங்கிற்று. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சித்தூர் மாவட்டமும் அதனுள் வந்தது. 2008 ஜூலைக்குள் மாநிலம் முழுவதும் அது பரவியது.

வெள்ளை ரேஷன் அட்டை வைத்துள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை சிகிச்சை. அது போதாவிடில் மேலும் ரூ.50,000. பிரீமியம் முழுவதையும் அரசே செலுத்தியது. தொடக்கத்தில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் வாயிலாக நடந்த இத்திட்டம், பின்னர் அரசு நிறுவிய அறக்கட்டளையின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. நோயாளி பணம் கட்டிப் பின்னர்த் திரும்பப் பெறும் முறையன்று இது. மருத்துவமனைக்கே பணம் சேர்ந்துவிடும். மருத்துவமனையில் ‘ஆரோக்கிய மித்ரா’ என்னும் உதவியாளர் அமர்ந்திருப்பார். அவர் அட்டையைப் பார்த்து, மருத்துவரின் குறிப்பை மேலிடத்திற்கு அனுப்பி, ஒப்புதல் பெற்றுத் தருவார். எழுத்தறியாத ஒரு தாய்க்கு அந்த மேஜையின் அருகே கிடைத்த ஆறுதல் சிறிதன்று.

2009 ஜூலையில் தமிழ்நாடும் உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிற்று. ஆந்திரத்துத் திட்டமோ ஆட்சி மாறுந்தோறும் பெயர் மாறி, 2024 முதல் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை என்று வழங்குகிறது. 2023 டிசம்பரில் அதன் உச்சவரம்பு ரூ.25 லட்சமாக உயர்த்தப்பட்டது. பெயர் பலவாயினும், மனு அட்டையாக மாறிய மாற்றம் மட்டும் நிலைத்துவிட்டது. இதுவே நாம் கருதத்தக்க வரலாற்று நிகழ்ச்சி.

விளைந்த நன்மைகள்

மருத்துவக் காப்பீட்டின் நன்மைகளை மூன்றாக வகுத்துக் கூறலாம். முதலாவது, காலத்தே மருத்துவரிடம் செல்லும் துணிவு. செலவுக்கு அஞ்சி நெஞ்சு வலியை வாயுக்கோளாறு என்று சொல்லித் தள்ளிப்போட்டவர் நம்மிடையே எத்தனையோ பேர். கையில் அட்டை இருப்பவர் அவ்வளவு தயங்க வேண்டுவதில்லை. முற்றிய நோயை விட முளைவிடும் நோய்க்குச் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

இரண்டாவது, குடும்பம் கடனாளியாகாமை. ஒருவர் நோயால் மற்றொருவர் படிப்பு நிற்பதும், மகளின் திருமணத்திற்கு வைத்த நகை விற்கப்படுவதும் நாம் கண்ட காட்சிகளே. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. இக்குறைவுக்குக் காப்பீடு மட்டுமே காரணமன்று. அரசு மருத்துவமனைகளுக்கான செலவு பெருகியதும் காரணம். இரண்டும் சேர்ந்தே மக்களின் சுமையைத் தாங்கின.

மூன்றாவது, விலைக்கு வரம்பு. தனியே நிற்கும் நோயாளி மருத்துவமனையோடு பேரம் பேச முடியாது. பல லட்சம் குடும்பங்களின் சார்பில் ஒரு திட்டம் பேசும்போது, இன்ன சிகிச்சைக்கு இன்ன கட்டணம் என்று முன்னரே வரையறுக்க முடிகிறது. கூடி நிற்பதன் வலிமை அது.

இவற்றோடு குறைகளையும் கூறுவதே நேர்மை. இத்தகைய திட்டங்களில் பல, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பெரும்பாலும் உதவுகின்றன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைச் செலவைக் குடும்பம் தானே தாங்க வேண்டியுள்ளது. மேலும் அரசு தர வேண்டிய பணம் தாமதமானால் திட்டமே தள்ளாடும். 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆந்திரத்தின் தனியார் மருத்துவமனைகள் நிலுவைத் தொகையைக் கேட்டு இத்திட்டத்தின் சேவைகளை நிறுத்தியதுண்டு. ஏரியில் நீர் இல்லையாயின் மதகு இருந்து பயனில்லை அன்றோ! காப்பீடு வந்துவிட்டது என்பதற்காக அரசு மருத்துவமனையை நலிய விடுவதும் தகாது. ரூயா போன்ற பொது மருத்துவமனைகள் வலுவாக இருந்தால்தான் அட்டை இல்லாதவர்க்கும் ஒரு கதவு திறந்திருக்கும்.

கொடைக்கும் இன்னும் இடமுண்டு. 2021 அக்டோபரில் திருப்பதியில் குழந்தைகளுக்கான ஸ்ரீ பத்மாவதி இதய மருத்துவமனையைத் தேவஸ்தானம் திறந்தது. காப்பீடு எட்டாத இடத்தில் பக்தர் தரும் காணிக்கை துணை நிற்கலாம். ஆனால் உரிமை முன்னே செல்ல, கொடை பின்னே துணையாக வருவதே முறை.

எல்லையும் அட்டையும்

இனி, வெளிமாநிலத் தமிழர் உள்ளூன்றிக் கருத வேண்டிய பகுதிக்கு வருவோம். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சென்றது. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மீண்டது. திருப்பதி, சித்தூர், நகரி, புத்தூர் ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டம் அமைந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கோடுகள் நகர்ந்தன.

அண்ணன் நகரியிலும் தம்பி திருத்தணியிலும் வாழ்வதாகக் கொள்வோம். இடையில் சில கல் தொலைவே. பேசும் மொழி ஒன்று, குலதெய்வம் ஒன்று. ஆனால் அண்ணனிடம் இருப்பது ஆந்திர அட்டை. தம்பியிடம் இருப்பது தமிழ்நாட்டு அட்டை. பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்கு வந்த அண்ணனுக்குத் திடீரென்று நெஞ்சு வலி கண்டால், ‘உங்கள் அட்டை எந்த மாநிலம்?’ என்னும் கேள்வி எழும். எல்லைக்கு அருகில் வாழ்வோர்க்கே இந்நிலையாயின், ஈரோட்டிலிருந்து சூரத்துக்கும், சேலத்திலிருந்து புனேவுக்கும் சென்று உழைப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரில் உள்ள காப்பீட்டு அட்டை அங்கே செல்லாமல் போகலாம். அங்கே வாழும் ஊரின் அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு வீட்டு விருந்தாளி பசியோடு படுத்த கதையாகிவிடும்.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் படிப்படியாக வந்துள்ளன. 2008இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குடும்பத்திற்கு ரூ.30,000 வரை உதவியது. அதன் மின்னணு அட்டை திட்டம் நடைபெற்ற பிற மாநிலங்களிலும் செல்லுபடியாகுமாறு அமைக்கப்பட்டிருந்தது. 2018 செப்டம்பர் 23ஆம் நாள் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், அதாவது ஆயுஷ்மான் பாரத், அதன் இடத்தைப் பெற்றது. அதன் தகுதிப் பட்டியலில் உள்ள குடும்பம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான சிகிச்சையைப் பிற மாநிலத்தில் இணைந்துள்ள மருத்துவமனையிலும் பெறலாம். 2019 நவம்பர் 1 முதல் ஆந்திரம் தன் திட்டத்தைச் சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய நகரங்களின் சில மருத்துவமனைகளுக்கும் நீட்டித்தது. தமிழ்நாட்டுத் திட்டமும், பிற மாநிலங்களிலிருந்து வந்து தங்கி உழைப்போரை உரிய சான்றின் பேரில் சேர்க்க இடமளிக்கிறது. 2024 அக்டோபர் 29 முதல், வருமானம் எவ்வளவாயினும் 70 வயது நிரம்பியோர் ஆயுஷ்மான் அட்டை பெற வழி பிறந்துள்ளது.

ஆகவே அட்டை மெல்ல மெல்ல எல்லையைத் தாண்டக் கற்று வருகிறது. ஆனால் முற்றும் கற்றுவிடவில்லை. மாநிலத்தின் சொந்தப் பட்டியலில் மட்டும் இடம்பெற்று, மத்தியப் பட்டியலில் இல்லாதவர் பலர். அவர்தம் அட்டை வெளியூரில் வெறும் அட்டையே.

வெளிமாநிலத் தமிழர் செய்யத்தக்கவை

வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்கள் நலமாய் இருக்கும் இந்நாளிலேயே சிலவற்றைச் செய்து வைத்தல் நன்று. ஆலையிலோ நிறுவனத்திலோ வேலை செய்வோர் தமக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டறிய வேண்டும். 2017 ஜனவரி முதல் அதற்கான மாத ஊதிய வரம்பு ரூ.21,000 ஆக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடாகவும், முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. ரூ.100க்கு முக்கால் ரூபாய் மட்டுமே தொழிலாளி தருவது. வேலை மாறினாலும் மாநிலம் மாறினாலும் காப்பீட்டு எண் ஒன்றே தொடரும் என்பது இதன் தனிச்சிறப்பு. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் தமிழ் இளைஞர்க்கும், புனேயில் உழைக்கும் தமிழர்க்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மனைவி, மக்கள், பெற்றோர் பெயர்கள் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள்.

ஊரில் அரசுத் திட்டத்தின் அட்டை உள்ளவர், அது ஆயுஷ்மான் பட்டியலோடு இணைந்ததா, வாழும் மாநிலத்தில் செல்லுமா என்பதை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் 70 வயதைக் கடந்தவராயின், அவர்க்கு உரிய அட்டையைப் பெற்றுத் தருவது பிள்ளைகளின் கடமை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பட்டுப்புடவை வாங்கிச் செல்வதோடு இதனையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

தனியார் காப்பீடு எடுக்க வல்லவர் அதனை இளமையிலேயே எடுத்தல் சிறப்பு. அது பெரும்பாலும் நாடு முழுவதும் செல்லுவது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது. எடுக்கும்போது உள்ள நோயை மறைக்க வேண்டாம். மறைத்த நோயே பின்னாளில் பணம் மறுக்கப்படுவதற்குக் காரணமாகும். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலம் 3 ஆண்டுக்கு மிகலாகாது என்று 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்தது. எனவே மறைக்காமல் சொல்லிக் காத்திருப்பதே அறிவுடைமை. அறை வாடகைக்கு வரம்பு உண்டா, அருகில் உள்ள எந்த மருத்துவமனைகள் ரொக்கமின்றிச் சிகிச்சை தருகின்றன என்ற இரண்டையும் கேட்டுத் தெளிந்த பின்பே கையெழுத்திடுங்கள். அந்தத் தாள்கள் எங்கே உள்ளன என்பதை வீட்டுப் பெண்களும் அறிந்திருத்தல் வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து வந்து தேடித் தர முடியாது.

வெளியூர்களில் நமக்குத் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் அச்சங்கங்கள், ஆண்டுக்கு ஒருநாள் உறுப்பினரின் காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் பணியையும் மேற்கொள்ளலாம். புதிதாய் வந்து சேர்ந்த கட்டடத் தொழிலாளிக்கு அவ்வூர் மொழி தெரியாது. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்றும் தெரியாது. மொழி தெரிந்த ஒருவர் அரைநாள் உடன் சென்றால் அவர் குடும்பத்திற்கே பாதுகாப்பு வந்து சேரும். மருத்துவமனைகளில் ஆரோக்கிய மித்ரா செய்யும் பணியை ஊருக்கு ஊர் நாமும் செய்யலாம்.

மஞ்சள் துணியில் முடியும் நாணயம் அதற்குரிய இடத்தில் இருக்கட்டும். வேண்டுதல் மனத்திற்கு வலிமை தரும். அத்துடன், நோய் வராத நல்ல நாளில் நாம் செலுத்தும் சிறுதொகை, முகம் அறியாத ஒருவரின் குழந்தையை இன்று பிழைக்க வைக்கிறது என்பதையும், நாளை நம் வீட்டில் ஒருவர் படுத்தால் முகம் அறியாத பலர் நமக்காக முன்னரே செலுத்தியிருப்பார்கள் என்பதையும் உணர்வோம். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், அந்தக் கூட்டத்தில் நம் குடும்பத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுவது நலம்.